வேலை குறைந்ததா, கை மாறியதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஓராண்டு கழித்து என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. ஒன்றில் இருக்கும் பைலை இன்னொன்றில் பார்க்க என்ன செய்ய வேண்டும்?" பென் டிரைவில் காப்பி செய்து எடுத்துப் போகலாம். போல்டரை ஷேர் செய்திடலாம். வழி எதுவாக இருந்தாலும், ஒரு பைலை இரண்டு பேர் தொடத் தொடங்கிய உடனே சிக்கலும் தொடங்கிவிடுகிறது. யார் கடைசியாக மாற்றியது? எந்தப் பிரதி சரியானது? பாதியில் மின்சாரம் போனால் என்ன ஆகும்?

இதே கேள்வியை, இரண்டு கம்ப்யூட்டருக்குப் பதில் ஆயிரம் கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் கேட்டுப் பாருங்கள். வானிலைக் கணிப்பு மையங்களிலும் திரைப்பட கிராபிக்ஸ் கூடங்களிலும் நிலைமை அதுதான். அங்கே பைல்களைப் பகிர்ந்து கொள்ள எழுதப்பட்ட ஒரு விதிமுறையில் 2018 ஆகஸ்ட் மாதம் ஒரு மாற்றம் வெளியானது. அதனை எளிமைப்படுத்தும் மாற்றம் என்றார்கள். உண்மையிலேயே எளிமைதானா என்று சில வாரங்களாகப் படித்துப் பார்த்தேன். நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். என் வீட்டில் நடந்த ஒரு காரியத்தால்தான் எனக்கே இதில் அக்கறை வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நெட்வொர்க் பைல் சிஸ்டம், சுருக்கமாக என்.எப்.எஸ்., சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984ல் உருவாக்கியது. வேறொரு கம்ப்யூட்டரில் உள்ள ஹார்ட் டிஸ்க்கை நம் கம்ப்யூட்டரிலேயே இருப்பது போலக் காட்டும் ஏற்பாடு இது. (விண்டோஸில் நாம் போல்டரை ஷேர் செய்யும்போது இயங்குவது எஸ்.எம்.பி. என்ற வேறொரு விதிமுறை. வேலை ஒன்றுதான், குடும்பம் வேறு.) பிற்பாடு என்.எப்.எஸ். விதிமுறையை வளர்க்கும் பொறுப்பு, இன்டர்நெட்டின் விதிமுறைகளை எழுதும் ஐ.இ.டி.எப். அமைப்பின் கைக்கு வந்தது.

விதிமுறை எப்படிப் பெருத்தது என்பதைப் பக்கக் கணக்கிலேயே பார்க்கலாம். 1989ல் வெளியான இரண்டாம் பதிப்பு 27 பக்கம். 1995ல் மூன்றாம் பதிப்பு 126 பக்கம். 2003ல் திருத்தி வெளியான நான்காம் பதிப்பு 275 பக்கம். 2010 ஜனவரியில் வந்த 4.1 பதிப்பு 617 பக்கம்! இதைப் படித்து அதன்படி புரோகிராம் எழுதுபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். 2020ல் இந்த 4.1 பதிப்பைத் திருத்தி ஆர்.எப்.சி. 8881 என்று மறுபடி வெளியிட்டார்கள். அதுவும் ஒல்லியான புத்தகம் அல்ல.

அந்த 617 பக்கத்தில் பெரிய புதுமை ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் பேரலல் என்.எப்.எஸ். ஒரு மொத்த வியாபாரக் கடையை எடுத்துக் கொள்ளுங்கள். முன்னால் கடை, பின்னால் நான்கு குடோன். பழைய முறையில் எந்தக் குடோனில் இருந்து மூட்டை வந்தாலும் கடை வாசலுக்கு வந்து, கணக்குப்பிள்ளை முன்னால் இறங்கி, அப்புறம்தான் வாடிக்கையாளர் வண்டியில் ஏறும். பத்து வண்டி வந்தால் வாசலில் நெரிசல். கம்ப்யூட்டர் கணக்கில் சொன்னால், ஒரு கிகாபிட் நெட்வொர்க் இணைப்பு விநாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் அனுப்ப முடியாது. நடைமுறையில் 110 கிடைத்தால் அதிகம். பத்துக் கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் கேட்டால் ஆளுக்கு 11. ஹார்ட் டிஸ்க் எத்தனை வேகமாக இருந்தும் பயனில்லை. வாசல் ஒன்றுதானே!

பேரலல் முறையில் கணக்குப்பிள்ளை மூட்டையைத் தொடுவதே இல்லை. "உங்கள் சரக்கு முதல் குடோனிலும் மூன்றாம் குடோனிலும் இருக்கிறது, போய் ஏற்றிக் கொள்ளுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார். வண்டிகள் நேராகக் குடோனுக்குப் போகின்றன. கணக்குப்பிள்ளைக்குப் பெயர் மெட்டாடேட்டா சர்வர். குடோன்கள் டேட்டா சர்வர்கள். சீட்டுக்குப் பெயர் லே அவுட். சரக்கு எடுக்க வருகிற வண்டி, அதாவது உங்கள் கம்ப்யூட்டர், கிளையண்ட். ஒரு பெரிய பைலைத் துண்டு துண்டாக நான்கு டேட்டா சர்வர்களில் வைத்தால், கிளையண்ட் நான்கிலும் ஒரே நேரத்தில் படிக்கலாம்.

அருமையான யோசனை. ஆனால் எழுதியவர்கள் மூன்று விதமான குடோன்களுக்கு மூன்று விதமான சீட்டுகளை வைத்தார்கள். பைல் வகை ஒன்று, பிளாக் வகை ஒன்று, ஆப்ஜெக்ட் வகை ஒன்று. கிளையண்டுக்கு எந்தச் சீட்டைப் படிக்கத் தெரியாதோ அந்தக் குடோனுக்கு அது நேராகப் போக முடியாது. ஆப்ஜெக்ட் வகைக்காக லினக்ஸில் எழுதப்பட்ட பகுதி, கவனிப்பார் இல்லாமல் 2017ல் நீக்கப்பட்டது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. கணக்குப்பிள்ளையும் குடோன் காவலாளியும் தங்களுக்குள் எந்த மொழியில் பேசிக்கொள்வது என்று விதிமுறை சொல்லவே இல்லை. அது ஒவ்வொரு நிறுவனத்தின் சொந்த விஷயம் என்று விட்டுவிட்டார்கள். விளைவு என்ன? வண்டி யாருடையதாகவும் இருக்கலாம், ஆனால் கடையும் குடோனும் ஒரே முதலாளியிடம்தான் வாங்க வேண்டும். பொது விதிமுறை எழுதியதன் நோக்கமே பாதி அடிபட்டுப் போயிற்று என்பது என் எண்ணம்.

இங்கேதான் 2018ன் மாற்றம் வருகிறது. ஆர்.எப்.சி. 8435, பிளெக்ஸ் பைல் லே அவுட். எழுதியவர்கள் பென்னி ஹாலெவியும் தாமஸ் ஹேன்ஸும். (லினக்ஸில் இதைப் புரிந்து கொள்ளும் பகுதி 2015லேயே வந்துவிட்டது. விதிமுறை அச்சாவதற்கு முன்பே புரோகிராம் வந்துவிடுவது இந்த உலகத்தில் புதிதல்ல.) அதன் சாரம் இதுதான்: குடோன் காவலாளிக்குப் புதிதாக எதுவும் தெரிய வேண்டியதில்லை. 1995ன் மூன்றாம் பதிப்பு மட்டும் தெரிந்த பழைய சர்வரே போதும். மூலையில் கிடக்கும் ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் கூட டேட்டா சர்வர் ஆகலாம்.

அப்படியானால் ஒரு கேள்வி எழ வேண்டும். சீட்டை ரத்து செய்தால் அது காவலாளிக்கு எப்படித் தெரியும்? ஒரு கிளையண்ட் சீட்டு வாங்கிக்கொண்டு போய், நடுவழியில் தொங்கிப் போய்விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். மெட்டாடேட்டா சர்வர் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பைலை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துப் பழைய கிளையண்ட் விழித்து, கையில் உள்ள பழைய சீட்டைக் காட்டி எழுதத் தொடங்கினால்? புதியவர் எழுதியதெல்லாம் போச்சு.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியை நான் ரசித்தேன். காவலாளியிடம் பேசத் தெரியாவிட்டால் என்ன, பூட்டை மாற்றிவிடலாமே! ஒவ்வொரு பைலுக்கும் உரிமையாளர் எண், குழு எண் என்று இரண்டு எண்கள் உண்டு. சீட்டு கொடுக்கும்போது மெட்டாடேட்டா சர்வர் "குடோனில் போய் இந்த எண்ணுடையவன் என்று சொல்" என ஒரு கற்பனையான எண்ணையும் சேர்த்துக் கொடுக்கிறது. சீட்டை ரத்து செய்ய வேண்டும் என்றால், தானே ஒரு சாதாரண கிளையண்ட் போல, ஆனால் முழு உரிமையோடு குடோனுக்குப் போய், அந்தப் பைலின் உரிமையாளர் எண்ணை மாற்றிவிடுகிறது. பழைய எண்ணைச் சொல்லி வருபவரைப் பழைய சர்வர் தன் வழக்கப்படி "அனுமதி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடும். தான் ஒரு பெரிய பாதுகாப்பு ஏற்பாட்டில் பங்கெடுக்கிறோம் என்பது அந்தப் பழைய சர்வருக்குத் தெரியவே தெரியாது.

குறை இல்லாமல் இல்லை. பூட்டை மாற்றினால், அந்தப் பைலுக்குச் சீட்டு வைத்திருந்த நல்லவர்களும் சேர்ந்தே வெளியே நிற்க வேண்டும். எல்லோரும் திரும்பி வந்து புதுச் சீட்டு வாங்க வேண்டும். அது வெறும் தாமதம், பொறுத்துக் கொள்ளலாம். இரண்டாவது குறை கொஞ்சம் கனமானது. மூன்றாம் பதிப்பின் வழக்கமான முறையில் "நான் இந்த எண்" என்று கிளையண்ட் சொன்னால் சர்வர் நம்பிவிடும். அதே நெட்வொர்க்கில் உள்ள ஒரு விஷமக்காரர் எண்ணை ஊகித்தாலோ, ஒட்டுக் கேட்டாலோ உள்ளே வந்துவிடலாம். ஆகவே பூட்டிய அறைக்குள் உள்ள சொந்த நெட்வொர்க்குக்கு இது சரி. யார் வேண்டுமானாலும் வயரைச் செருகும் இடத்துக்குச் சரியில்லை.

மூன்றாவது விஷயம்தான் என்னைத் தயங்க வைத்தது. ஒரு குடோன் எரிந்து போனால் சரக்கும் போய்விடக் கூடாது அல்லவா? அதற்காக ஒரே பைலை இரண்டு அல்லது மூன்று சர்வர்களில் பிரதியாக வைப்பார்கள். இதனை மிர்ரர் என்பார்கள். வழக்கமாகப் பிரதி எடுப்பது சர்வரின் வேலை. குடோன்கள் ஒன்றோடொன்று பேசாத இந்த முறையில் யார் பிரதி எடுப்பது? கிளையண்ட்! நீங்கள் ஒரு பைலைச் சேமித்தால், உங்கள் கம்ப்யூட்டரே இரண்டு சர்வருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஒரு கிகாபிட் இணைப்பு என்றால் 110 மெகாபைட் வேகம் எழுதும்போது 55 ஆகிவிடும். வேகத்தை விடுங்கள். ஒன்றில் எழுதி முடித்து, இன்னொன்றில் பாதி எழுதியிருக்கும்போது உங்கள் கம்ப்யூட்டர் அணைந்து போனால்?

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2009ல் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். கேமராவில் எடுத்த படங்களை எல்லாம் என் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அங்கிருந்து இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளில் காப்பி செய்தேன். ஒன்று தங்கை வீட்டுக்கு, ஒன்று எனக்கு. இரண்டு பிரதி இருந்தால் கவலை இல்லை என்று இந்த மாதிரி பக்கங்களில் மற்றவர்களுக்கு எழுதுகிறவன் நான்! இரண்டாவது டிஸ்க்குக்குக் காப்பி ஓடிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. யு.பி.எஸ். பேட்டரி அதற்கு முன்பே பல்லை இளித்திருந்தது. மின்சாரம் வந்த பிறகு மறுபடி காப்பி கொடுத்தேன். "இந்தப் பைல்கள் ஏற்கனவே இருக்கின்றன, என்ன செய்ய?" என்று விண்டோஸ் கேட்டது. இருப்பதை எதற்கு மறுபடி எழுத வேண்டும் என்று தாண்டிப் போகச் சொல்லிவிட்டேன். முடிந்ததும் பிராபர்ட்டீஸ் பார்த்தேன். இரண்டு டிஸ்க்கிலும் பைல்களின் எண்ணிக்கை ஒன்று, மொத்த அளவும் ஒன்று. திருப்தியாகக் கம்ப்யூட்டரில் இருந்த மூலப் படங்களை அழித்தேன்.

2014ல் தங்கையிடம் இருந்து போன். "அண்ணா, அந்த டிஸ்க் டக் டக்னு சத்தம் போடுது, திறக்க மாட்டேங்குது. உங்ககிட்ட இருக்குறதுல இருந்து போட்டுக் குடுங்க." என்னுடையதைத் திறந்தேன். பெரும்பாலான படங்கள் நன்றாக இருந்தன. மின்சாரம் போன நேரத்தில் ஓடிக் கொண்டிருந்த சுமார் 40 படங்கள் மட்டும் திறக்கவில்லை. சில பாதி வரை வந்து அப்புறம் சாம்பல் நிறம். விண்டோஸ் காப்பி செய்யும்போது பைலின் முழு அளவுக்கும் இடத்தை முதலிலேயே ஒதுக்கிக் கொள்கிறது, உள்ளே எழுதுவது அதன் பிறகு. அதனால்தான் அளவு சரியாக இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. எங்கள் அப்பா மேடையேறி அட்சதை போட்ட படங்கள் எல்லாம் அந்த நாற்பதுக்குள் இருந்தன. அப்பா 2012லேயே போய்விட்டார். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நான் செய்ததும் கிளையண்ட் செய்யும் மிர்ரர்தான். பிரதி எடுக்கும் பொறுப்பு எழுதுபவரிடம் இருந்தது. எழுதுபவர் நடுவில் விழுந்தார். விழுந்ததைக் குறித்து வைக்க யாரும் இல்லை. எனவே ஆர்.எப்.சி. 8435ல் அந்தப் பகுதியைப் படித்தபோது, "இதையா எளிமை என்கிறார்கள், சர்வரின் தலைவலியைத் தூக்கி நம் தலையில் வைத்திருக்கிறார்கள்" என்றுதான் முதலில் தோன்றியது.

மறுபடி படித்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. அங்கே கணக்குப்பிள்ளை இருக்கிறார். எந்தக் கிளையண்ட் எந்தப் பைலை எழுதச் சீட்டு வாங்கிப் போயிருக்கிறது என்பது மெட்டாடேட்டா சர்வரின் பதிவேட்டில் உண்டு. ஒரு சர்வருக்கு எழுத முடியாமல் போனால், கிளையண்ட் சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைச் சொல்ல வேண்டும். கிளையண்டே செத்துப் போனால் அதுவும் தெரியும். ஏனென்றால் கிளையண்ட் அவ்வப்போது "இருக்கிறேன்" என்று சொல்லிக் கொண்டிருக்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் இதற்கு வழக்கமான கெடு 90 விநாடி. கெடு தாண்டினால் பூட்டை மாற்றி, பிரதிகளை மறுபடி ஒன்று போல ஆக்கும் வேலையை மெட்டாடேட்டா சர்வர் தொடங்கலாம்.

இரண்டில் எது சரியான பிரதி என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாது. ஏதாவது ஒன்றை வைத்துக் கொண்டு மற்றதை அதைப் போல மாற்றும். இது தப்பாட்டம் போலத் தோன்றினாலும் நியாயம் இருக்கிறது. எழுதுவது முடிந்தது, பத்திரமாகி விட்டது என்று கிளையண்டுக்கு அதுவரை யாரும் உறுதி சொல்லவில்லை. உறுதி சொல்லாத கடைசி வரிகளில் பழையது நின்றாலும் சரி, புதியது நின்றாலும் சரி. இரண்டு இடத்திலும் ஒன்றே நிற்க வேண்டும், அவ்வளவுதான். என் விஷயத்தில் நஷ்டம் வந்தது, மின்சாரம் போனதால் கூட இல்லை. முடியாததை முடிந்ததாக நான் எடுத்துக் கொண்டதால் வந்தது.

ஆகவே என் தீர்ப்பு மாற்றத்துக்கு ஆதரவாகத்தான். பூட்டை மாற்றும் தந்திரத்தை முழு மனதோடு ஏற்கிறேன். நிறுவனங்களின் ரகசிய மொழி இல்லாமல் யாருடைய சர்வரையும் சேர்த்துக் கொள்ள முடிவது பெரிய விடுதலை. கிளையண்ட் எழுதும் மிர்ரர் பற்றி மட்டும் என் மனம் முழுவதாக ஒப்பவில்லை. நல்ல கரண்ட் வசதியும் வேகமான வயரும் உள்ள கம்ப்யூட்டர் அறையில் அது சரி. லேப்டாப் மூடியைச் சட்டென்று மூடிவிட்டு எழுந்து போகிறவர்கள் நாம். வை-பை சிக்னல் சமையலறைப் பக்கம் போனால் அறுந்துவிடும் வீடுகள் நம்முடையவை. "ஒரு பிரதியில் மட்டும் எழுது, மற்றதை இங்கே பார்த்துக் கொள்கிறோம்" என்று கிளையண்டுக்குச் சொல்லவும் இந்த விதிமுறையில் ஒரு குறி இருக்கிறது. வயர் இல்லாத கிளையண்டுகளுக்கு அதுவே வழக்கமாக இருக்க வேண்டும் என்பேன்.

வேலையை யார் தலையிலும் மாற்றி வைக்காமல் உண்மையாகவே குறைத்த எளிமையும் உண்டு. விண்டோஸின் எஸ்.எம்.பி. விதிமுறையில் ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகள் இருந்தன. விஸ்டாவோடு வந்த இரண்டாம் பதிப்பில் அவற்றை 19 ஆகக் குறைத்தார்கள். வேகமும் கூடியது. அதற்கும் ஒரு விலை இருந்தது. எக்ஸ்பி காலத்துக் கருவிகளுக்குப் பழைய பதிப்புதான் தெரியும் என்பதால் அதையும் கூடவே சுமந்தார்கள். 2017 மே மாதம் வானாகிரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான்.

உங்கள் வீட்டுக்குப் பேரலல் என்.எப்.எஸ். நாளையே வரப் போவதில்லை. விண்டோஸில் கிடைக்கும் என்.எப்.எஸ். கிளையண்டுக்குப் பழைய பதிப்புகள் மட்டுமே தெரியும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் இரண்டு டிஸ்க்கில் படங்களைக் காப்பி செய்து வைத்திருப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் பதிவேடு வைக்கும் கணக்குப்பிள்ளை கிடையாது. காப்பி நடுவில் நின்று போனால், மறுபடி தொடங்கும்போது தாண்டிப் போகச் சொல்லாதீர்கள், எல்லாவற்றையும் மேலெழுதச் சொல்லுங்கள். முடிந்த பின் இரண்டும் ஒன்றா என்று பைலின் உள்ளே வரை ஒப்பிட, கமாண்ட் பிராம்ப்ட்டில் எப்.சி. என்ற கட்டளையை ஸ்லாஷ் பி சேர்த்துக் கொடுங்கள். அளவை மட்டும் பார்க்காமல் பைட் பைட்டாகப் பார்க்கும். ஆயிரம் படங்களுக்கு நேரம் பிடிக்கும். இரவு சாப்பிடப் போகும்போது ஓட விட்டுவிட்டுப் போங்கள். மூலத்தை அழிப்பதை மறுநாள் காலையில் வைத்துக் கொள்ளலாம்.